அட்டை வேண்டாம் என்று எழுதிய கடிதம்

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் போய் சவுரிராயன் இருக்கிறாரா என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஜப்பான் எங்கே என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அங்கே காக்கி அரைக்கைச் சட்டையும் தலையில் சிவப்புத் துண்டுமாக ஒரு ஆள் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருப்பான். அவன்தான்.

பத்தொன்பது வருஷமாக அதே பிளாட்பாரத்தில் மூட்டை தூக்கியவன். எந்த மூட்டையையும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் போதும், எடை சொல்லிவிடுவான். பார்சல் கிளார்க் தேவநாதன், தராசு மக்கர் பண்ணும் நாளில், "இன்னாய்யா சவுரி, எவ்ளோ?" என்பார். "முப்பத்தாறு சார்" என்பான். பிறகு தராசைத் தட்டிக்கொட்டி நிறுத்தால் முப்பத்தாறோ முப்பத்தாறரையோ காட்டும். அந்த அரையை இவன் ஒத்துக்கொள்ள மாட்டான். "அது சாக்கு ஈரம் சார்" என்பான்.

ஜப்பான் என்ற பெயர் வந்தது ஒரு ரேடியோவால். வாங்க ஆள் வராமல் கிடக்கும் பார்சல்களை ரயில்வே எப்போதாவது ஏலம் விடும். ஒரு ஏலத்தில் தையல் பிரிக்காத பெட்டி ஒன்று வந்தது. மற்றவர்கள் செருப்பு என்றார்கள், சோப்பு என்றார்கள். இவன் தூக்கிப் பார்த்தான். கனம் ஒரு மூலையில் மட்டும் இருந்தது. பேட்டரி போடுகிற சாமான் என்று முடிவு கட்டி, கையில் இருந்ததைப் போட்டு எடுத்தான். உள்ளே ஒரு மூலை நசுங்கின டிரான்சிஸ்டர் இருந்தது. நாலு பேண்டு.

அதில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனபோது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஏழே காலுக்கு ஒரு பெண் குரல் வந்தது. பாட்டுக்கு முன்னால் சொன்ன 'ரேடியோ ஜப்பான்' தவிர ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழப் போகிறவள் மாதிரி ஆரம்பித்தாள், ஆனால் அழவில்லை. ஏதோ ஒன்றைத் தொண்டையிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு பாடினாள். தலையில் எண்பது கிலோவை வைத்துக்கொண்டு படியேறுகிறவன் பல்லைக் கடித்து மூச்சை அடக்குவான் பாருங்கள், அந்த அடக்கம் அந்தக் குரலில் இருந்தது. சவுரிராயன் சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பாட்டு பாதிக்குக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வேறொரு நாட்டு ஸ்டேஷன் பேண்டு வாத்தியத்தோடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் குரல் அடியில் போய்விட்டது.

அடுத்த வியாழனும் அதே பாட்டு, அதே இடத்தில் அதே பேண்டு வாத்தியம். அந்த நிகழ்ச்சிக்கு அதுதான் ஆரம்பப் பாட்டு போலிருக்கிறது. கம்பி கட்டிப் பார்த்தான். முருங்கைமரத்தில் ஏரியல் ஏற்றினான். கூரை மேல் ரேடியோவை வைத்துக் கேட்டான். ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷம், ஏழே காலுக்கு அந்தப் பாட்டு ஆரம்பிக்கும், ஏழு பதினெட்டுக்குப் போய்விடும். முடிவு என்னவென்று அவனுக்குத் தெரியாது.

"முடிவு இன்னாவா இருக்கும்? அழுதுடுவா, அவ்ளோதான்" என்றாள் அவன் பெண்டாட்டி ஜெயம். "எத்தினி நேரம் தொண்டயிலயே வெச்சிக்கினு இருப்பா?"

"அவ அழ மாட்டா."

"நீ கேட்டியா? இன்னா பந்தயம்?"

பந்தயம் கட்டினார்கள். என்ன பந்தயம் என்பது புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கட்டும். ஆனால் அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு அந்தப் பிடிவாதம். அந்தப் பாட்டின் முடிவைக் கேட்காமல் விடக்கூடாது என்று நெஞ்சில் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது.

கடிதம் எழுதலாம் என்று யோசனை தோன்றியதும் விழுப்புரத்தில் எழுதவில்லை. ஸ்டேஷன் முழுக்கத் தமுக்கு அடித்துவிடுவார்கள். லீவு நாளில் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போனான். அங்கே கோர்ட்டு மதில் ஓரம், தகரக் கொட்டகையில் அம்சா என்கிற அம்மாள் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிலத்தகராறு, ஜீவனாம்சம், பட்டா மாறுதல், எதுவானாலும் அடிப்பாள். இங்கிலீஷும் அடிப்பாள்.

"யாருக்குண்ணே மனு?"

"ஜப்பான் ரேடியோவுக்கு."

அம்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "எதிர்மனுதாரர் இன்னா பண்ணாரு?"

"பாட்ட முழுசா கேக்க வுடமாட்டேன்றாரு."

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோர்ட்டு இங்கிலீஷ். அதில்தான் அடித்தாள். கீழே கையெழுத்திட்டுள்ள மனுதாரர் விழுப்புரம் டவுனில் குடியிருக்கும் கூலித்தொழிலாளி என்றும், மேற்படி பாடலின் பிற்பகுதி நாலு வருட காலமாகத் தன் காதுக்குக் கிடைக்காமல் பெரும் மன உளைச்சலுக்கு ஆளாகியிருப்பதாகவும், ரேடியோ அதிகாரி சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து தக்க நிவாரணம் அளிக்க வேண்டும் என்றும் ஒரு பக்கம் வந்தது. படித்துத் தமிழில் சொன்னாள். சவுரிராயனுக்கு ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஏர்மெயிலில் போட்டான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய மனுதாரர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. பாடகியின் பெயர் ஹருயோ. அவளுக்கு ரசிகர் மன்றம் ஒன்று இருக்கிறது, விலாசம் இது, அங்கே கேட்கவும்.

மன்றத்துக்கு அடுத்த மனு போனது. அந்த மன்றத்துச் செயலாளர் ஒரு பெண். நல்ல மனசுக்காரி. இந்தியாவிலிருந்து ஒரு ரசிகர் இருக்கிறார் என்று தெரிந்து எல்லோரும் சந்தோஷப்பட்டோம் என்று எழுதியிருந்தாள். வெளிநாட்டு ரசிகர்களுக்கு என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். அந்தப் பாட்டு உள்ள பாட்டுத்தட்டு, காலண்டர், ஹருயோ படம் போட்ட துண்டு, போட்டோ புத்தகம். எல்லாம் மன்றத்தின் அன்பளிப்பு, காசு வேண்டாம். தபால் செலவை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டும்.

"இவ்ளோதானே!" என்றான் சவுரிராயன். "டு-பே போடச் சொல்லும்மா."

அம்சாவுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். ரயில்வே பார்சலில் இரண்டு தினுசு உண்டு. அனுப்புகிறவன் கூலி கட்டினால் 'பெய்டு'. வாங்குகிறவன் வந்து கூலி கட்டி எடுத்துக்கொண்டால் 'டு-பே'. மல்லாட்டைக் கடலை மூட்டையானாலும் சரி, மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலானாலும் சரி, இந்த இரண்டில் ஒன்றுதான். ஜப்பானிலிருந்து டு-பே போட்டால் விழுப்புரத்தில் இவன் கட்டி எடுத்துக்கொள்கிறான். இதில் என்ன கஷ்டம்?

அம்சா அப்படியே அடித்தாள். சவுரிராயன் அதற்கு மேல் ஒரு காரியம் செய்தான். பார்சல் ஆபீஸ் கறுப்பு மையும் பிரஷ்ஷும் எடுத்து, கடிதத்தின் அடியில் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் டு-பே, விழுப்புரம் ஜங்ஷன் என்று தீட்டினான். மூட்டையில் எழுதி எழுதிப் பழகின அந்த எழுத்து மட்டும் அவனுக்கு இங்கிலீஷில் வரும்.

அதற்கும் பணிவாகத்தான் பதில் வந்தது. தாங்கள் தீட்டிய எழுத்து மிகவும் அழகாக இருந்தது, மன்றச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் எங்கள் தபாலில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அனுப்பும்போதே தபால்தலை ஒட்டியாக வேண்டும். இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப முடியாது என்று அறிகிறோம். அதற்குப் பதில் உங்கள் ஊர்ப் பெரிய தபால் ஆபீசில் வெளிநாட்டுப் பதில் கூப்பன் என்று ஒன்று விற்பார்கள். அதை வாங்கி அனுப்பினால் இங்கே தலையாக மாற்றிக்கொள்வோம். முழுப் பெட்டியும் விமானத்தில் வர இருபத்தாறு கூப்பன். கப்பலில் பதினொன்று. பாட்டுத்தட்டு மட்டும் கனத்த அட்டைக்குள் வைத்துக் கப்பலில் பதிவுத் தபாலாக வர ஆறு.

கூப்பன் ஒன்று ஆறு ரூபாய். அன்றைக்கு அவன் கூலி நல்ல நாளில் பதினெட்டு, மழை நாளில் பூஜ்யம்.

"இன்னாம்மா அநியாயம் இது? சாமான் சும்மா, கூலி மட்டும் யான விலயா?" என்றான் அம்சாவிடம். "இங்கேர்ந்து டெல்லிக்கு ஒரு பெரிய கூட வெத்தல இதுல பாதிக்குப் போவும்."

"அது தரையிலண்ணே. இது கடல் தாண்டி வரணும்."

"கடல்ல இன்னா, ரோடு போட்டாங்களா? தண்டவாளம் போட்டாங்களா? தண்ணி சும்மாதானே கெடக்குது?"

கடிதத்தோடு ஒரு எடைக் கணக்கும் சேர்த்து வைத்திருந்தாள் அந்தச் செயலாளர். அதைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டான். தட்டும் உறையும் சேர்ந்து அறுபது கிராம் சொச்சம். பாதுகாப்புக்கு வைக்கிற கனத்த அட்டை மட்டும் எழுபது. மொத்தம் நூறு கிராமைத் தாண்டுவதால்தான் ஆறு கூப்பன். நூறுக்குள் அடங்கினால் நாலு.

சவுரிராயனுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருஷமாக அவன் வியாபாரிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் விஷயம் இது. "யோவ், பொட்டி கனத்துக்கு எதுக்குய்யா கூலி கட்ற? சாக்குல கட்டு." மரப்பெட்டியைப் பிரித்துப்போட்டு, வைக்கோலும் சாக்குமாகக் கட்டிக் கொடுத்து எத்தனையோ பேருக்குக் கூலி மிச்சம் பண்ணியிருக்கிறான். அந்த மிச்சத்துக்கு அவனுக்கு டீ கிடைக்கும். இப்போது சொந்தச் சாமானுக்குச் செய்ய மாட்டானா?

"அட்ட வேணாம்னு அடிம்மா. நியூஸ் பேப்பரு ரெண்டு சுத்து, மேல தாளு, சணல குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு. போதும்."

"அண்ணே, ஒடஞ்சிடப் போவுது. இன்னும் ரெண்டு கூப்பன்தானே?"

"நான் எத்தினி முட்டக் கூட ஏத்தி எறக்கியிருக்கேன் தெரிமா? அட்டைக்கு மனுசன் பன்னண்டு ரூவா குடுப்பானா? அடி."

அடித்தாள். மனுதாரர் கேட்டுக்கொண்டபடி மேற்படி அட்டையை நீக்கி அனுப்ப வேண்டியது.

தீபாவளி சீசனில் ஜவுளி பேல் தூக்கின கூலியில் இருபத்து நாலு ரூபாயைத் தனியாக எடுத்துக்கொண்டு விழுப்புரம் பெரிய தபால் ஆபீசுக்குப் போனான். கூப்பன் என்றதும் கவுண்டரில் இருந்தவர் இரண்டு பேரைக் கேட்டு, இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு உறையை எடுத்தார். இருந்ததே நாலுதான். வாங்க ஆள் வந்து வருஷக்கணக்காகிறதாம். "வேற வேணும்னா மெட்ராசுக்கு எழுதணும்" என்றார். நாலு என்று அவன் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்ததால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

கப்பல் தபால் மூன்று மாதம் ஆகும் என்று எழுதியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் அவனுக்கு ஒரு வியாதி பிடித்தது.

வண்டி விழுப்புரத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் பார்சல் வேனில் இருப்பதை இறக்கிப் புதுசை ஏற்றியாக வேண்டும். இறக்குவது என்றால் இறக்குவது இல்லை, வீசுவது. உள்ளே இருப்பவன் வீசுவான், கீழே இருப்பவன் பிடிப்பான், பிடிக்காவிட்டால் அது பிளாட்பாரத்தில் விழும். கண்ணாடி என்று எழுதியிருந்தாலும் வீச்சுதான், மருந்து என்று எழுதியிருந்தாலும் வீச்சுதான். சவுரிராயன் பத்தொன்பது வருஷம் அப்படி வீசியவன். ஒரு நாள் ஒரு தட்டையான கட்டு கையில் வந்தது. வீசக் கையை ஓங்கியவன் அப்படியே நின்றான். ஜப்பான் துறைமுகத்திலும் இப்படி ஒருத்தன் நிற்பான் இல்லையா? அவனுக்கும் நேரம் இருக்காது. அவனுக்குப் பிறகு கப்பலில் ஒருத்தன். நடுவில் எந்தெந்த ஊரிலோ எத்தனை பேர். மெட்ராசில் ஒருத்தன். எல்லோரும் இவன் ஜாதி. எல்லோரும் வீசுகிறவர்கள்.

அந்தக் கட்டைக் கொண்டுபோய் மெதுவாகக் கீழே வைத்தான்.

"இன்னா ஜப்பான், கொழந்தயத் தொட்டில்ல போடறியா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒருத்தன் கத்தினான். "ஜல்தி வா, கொடி காட்டிட்டான்!"

"எறக்கறேன்டா, பேஜாரு பண்ணாத."

தேவநாதன்கூடக் கேட்டுவிட்டார். "சவுரி, ஒடம்பு சரியில்லையா? இன்னாய்யா ஒரு மாரியா தூக்கற?"

ஒன்றுமில்லை சார் என்றான். அன்று மாலை ஜெயத்திடம் மட்டும் சொன்னான். "அட்ட வெக்கச் சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்லு" என்றாள் அவள்.

மாசிக் கடைசியில் தபால்காரர் பார்சல் ஆபீசுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பழுப்புத் தாள், சணல் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, அவன் சொன்னது போலவே. மெட்ராசில் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டின சீட்டு. கையில் வைத்துப் பார்த்தான். எண்பத்தஞ்சு கிராம்.

பிறகு காதோரம் வைத்து ஒரு தரம் லேசாக ஆட்டினான். பத்தொன்பது வருஷப் பழக்கம், ஆட்டாமல் இருக்க முடியவில்லை. உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தனியாக ஒன்று நகர்ந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேசு படத்துக்குப் பின்னால் வைத்தான். மூன்று நாள் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை வந்தது. ரேடியோவும் போடவில்லை. ஜெயம் ஏழரை மணி வரை பார்த்தாள், பிறகு பார்சலை எடுத்து அவன் எதிரிலேயே பிரித்தாள். ஜப்பான் எழுத்துப் பேப்பர் இரண்டு சுற்று. உறை மேல் ஹருயோ படம். நடு வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம்கூட இருந்தது.

"நம்ம எதுர் வூட்டு சின்னபொண்ணு அக்கா மாரி இருக்கா" என்றாள் ஜெயம்.

தட்டை உருவினாள். விளிம்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கடி. எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. உடைந்த சில்லு உறைக்குள்ளேயே கிடந்தது.

சவுரிராயன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தூக்கிக் கடாசு" என்றான். "பன்னண்டு ரூவா மிச்சம் புடிச்சேன் பாரு. பெரிய பார்சல்காரன்!"

ஜெயம் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அவள் அந்தச் சில்லைப் பேப்பரில் மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, "கெளம்பு" என்றாள்.

"எங்க?"

"கோதண்டபாணி கடைக்கு. ஒடஞ்சத அவங்கிட்ட காட்டாம நீயே எப்டி தீர்ப்பு சொல்ற?"

கோதண்டபாணிக்குக் கிழக்குப் பாண்டி ரோட்டில் மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவன். தட்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைசலை அவன் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"இன்னாண்ணே இது, நடுவுல வட மாரி இம்மாம் பெரிய ஓட்ட? நம்ம மிஷின் கம்பி இதுல நிக்காதே."

"ஒடஞ்சி போச்சு கோதண்டம். ஓட்ட கெடக்குது வுடு."

"ஒடஞ்சது கெடக்குது. ஓட்டதான் வேல." பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து, பிளேடால் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, வடையின் ஓட்டையில் அடைத்தான். கனகச்சிதமாக உட்கார்ந்தது. "இப்ப சொல்லு. பாட்டுல ஒனக்கு எந்த எடம் வேணும்?"

"கடைசி. கடைசிதான் கேட்டதில்ல."

கோதண்டபாணி அவனை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணே, முள்ளு எங்கேர்ந்து எங்க போவும்?"

சவுரிராயன் தலையைச் சொறிந்தான். அவனுக்குத் தெரிந்தது ரேடியோ ஒன்றுதான். தட்டு சுழல்வதைப் பந்தலில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

"ஓரத்துல ஆரம்பிச்சி நடுவுக்குப் போவும். ஒனக்குக் கடிபட்டது ஓரம். போனது ஆரம்பம்தாண்ணே. கடைசி முழுசா இருக்குது."

சவுரிராயன் குனிந்து கடியைப் பார்த்தான், பிறகு தட்டின் நடுவைப் பார்த்தான். பிறகு ஜெயம்தான் சிரித்தாள். "ஆரம்பம்தான் நாலு வருசமா வாராவாரம் கேட்டமே. எனக்கே மனப்பாடம்."

கோதண்டபாணி மிஷினைச் சுழல விட்டு, கடிக்கு உள்ளே தள்ளி முள்ளை வைத்தான். கரகர என்றது. பிறகு அவள் குரல் வந்தது. பாதியிலிருந்து. பேண்டு வாத்தியம் வரும் இடம் நெருங்கியபோது சவுரிராயன் தன்னை அறியாமல் தோளை இறுக்கிக்கொண்டான். ஒன்றும் வரவில்லை. அவள் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். இவன் இதுவரை கால் வைக்காத இடம். அங்கே ஒரு கம்பி வாத்தியம் அவளோடு சேர்ந்துகொண்டது. குரல் ஒரே ஒரு தரம் உச்சிக்குப் போய், ஜெயம் "ந்தா, அழப் போறா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், கீழே இறங்கிச் சாதாரணமாக நின்றுவிட்டது. மூட்டையை இறக்கி வைத்தவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது போல. அழவில்லை.

முள் நடுவில் போய்ச் சொரசொரத்துக்கொண்டிருந்தது. சவுரிராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதது அவன்தான்.

"இதுக்கா இருவத்தி நாலு ரூவா?" என்றாள் ஜெயம். கண் தட்டின் மேலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தரம் வெய்யி கோதண்டம்" என்றாள்.

"அண்ணி, வெக்கிறேன். ஆனா பாதியிலேர்ந்து கேட்டா எனக்கு ஒண்ணும் வெளங்கல. முன்னாடி எப்டி இருக்கும்?"

ஜெயம் புருஷனைப் பார்த்தாள். அவன் ஆள் முன்னால் வாய் திறந்து பாடினவன் இல்லை. கோயிலில் ஞானப்பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைப்பான். ரோட்டைப் பார்த்தான், ஒரு லாரி போகும் வரை காத்திருந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அர்த்தம் தெரியாத அந்த வார்த்தைகளைக் காதில் விழுந்தது விழுந்தபடியே, ஏழே காலுக்கு அவள் ஆரம்பிப்பது போல ஆரம்பித்தான்.

கோதண்டபாணி சிரிக்கவில்லை. தட்டைச் சுழல விட்டு, முள்ளைக் கடிக்கு நேர் உள்ளே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவன் பாதிக்கு வந்து சேரும் வரை அசையாமல் நின்றான்.